ஐம்பத்தேழைப் பார்

மில்வெயின், பென்சில்வேனியா
அக்டோபர் 5, 1987, திங்கள்

அன்புத் தம்பி லென்னிக்கு,

நலமா என்று கேட்பதற்கு முன்னால் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேற்று மதியம் ஒன்று இருபதுக்கு, என் அழகுநிலையத்தில், டிவி முன்னால் முழங்காலிட்டு, முன்பின் தெரியாத ஓர் ஆணின் பின்புறத்துக்கு முத்தம் பறக்கவிட்டேன். நாற்பத்தேழு வயதில். சாட்சிகள் இருவர்: ஐரின், ஃபிரான்.

"அதோ என் தம்பி! துணி மாத்தி விட்டவளுக்குத் தெரியாதா அந்தப் பின்புறம்!" என்று கத்தினேன். ஐரின் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "டொலோரஸ், அவன் எதிர் டீம்டி" என்றாள்.

என்மேல் என்ன குற்றம்? மற்ற வீட்டுப் பையன்கள் ஃபுட்பால் ஆடினால் முகமாவது தெரியும். ஓடுவார்கள், பிடிப்பார்கள், கடைசியில் ஹெல்மெட்டைக் கழற்றி அம்மாவுக்குக் கை காட்டுவார்கள். நீ பிடித்துவைத்திருக்கும் வேலையோ, குனிந்து நின்று, கால்களுக்கு நடுவே பந்தைப் பதினைந்து கஜம் பின்னால் எறிவது. அது உதைக்கிறவன் கைக்குப் போனதும் உன்னை நாலு பேர் மிதிப்பார்கள். அத்தோடு சரி. உன் முகம் புல்லைப் பார்க்கிறது, நாடு மிச்சத்தைப் பார்க்கிறது. சட்டையில் பெயர் தைக்கக்கூட உங்கள் முதலாளிகளுக்கு நேரமில்லை போலிருக்கிறது, எண் மட்டும்தான். கடைசியில் ஐரின்தான் கண்டுபிடித்தாள்: 57. டிவிக்காரன் உன் பெயரை ஒரே ஒரு தடவை சொன்னான். எந்தப் பந்துக்குச் சொன்னான் என்பதை நாம் பேச வேண்டாம். நீ ஆடும் ஏரிக்கரையில் காற்று அதிகம் என்று கேள்வி.

இனி அப்பா. நீ மீன் பிடிக்கப் போயிருக்கிறாய் என்று நான் சொன்ன பொய் நான்கு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் பேப்பரில், வேலைநிறுத்தம் செய்யும் ஆட்டக்காரர்களுக்குப் பதிலாக எந்தெந்த அணியில் யார் யாரைச் சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் வந்தது. லியோனார்ட் ஹ்ருஷ்கா, வயது 31, பீர் லாரி ஓட்டுநர். அப்பா அதைச் சத்தமாக, பாதிரியார் மாதிரி வாசித்தார். பேப்பரை நாலாக மடித்தார். மேசை விரிப்பை உருவி டிவிமேல் போட்டு மூடினார்.

"கருங்காலிக்கு இந்த வீட்டு மேசையில தட்டு கிடையாது. கிறிஸ்துமஸ் விருந்துக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

"அப்பா, வராத விருந்தாளிக்கே ஒரு காலித்தட்டு வைக்கிற வீடு இது."

"அது முன்பின் தெரியாதவனுக்கு. இவன எனக்குத் தெரியும்."

தம்பி, இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு ஆயுள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு வீடு தள்ளி மைக் பெங்கோ. 1959 வேலைநிறுத்தத்தில் கம்பி ஆலைக்குள் பதினொரு நாள் வேலைக்குப் போனார். அதோடு இருபத்தெட்டு வருடம் ஆயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் மாதா கோவில் சமையலறையில் நாங்கள் உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை விற்கிறோமே, அவருக்கும் ஒரு டஜன் கொடுக்கிறோம். பேசாமல் கொடுக்கிறோம். ஆலையே மூடி நாலு வருடமாயிற்று, அந்த மௌனத்துக்கு மட்டும் இன்னும் ஷிஃப்ட் முடியவில்லை.

நேற்று ஒரு மணிக்கு முன்னால், "கார் ரேடியேட்டரப் பாத்துட்டு வரேன்" என்று அப்பா வெளியே போனார். நாலு மணிக்குத்தான் வந்தார். கார் வாசலிலேயே நின்றது.

போன் செய்யாதே. அவர் எடுத்தால் உனக்கும் மரியாதையில்லை, ரிசீவருக்கும் ஆயுளில்லை. எழுது. நேரத்துக்குச் சாப்பிடு. குனியும்போது முதுகு பத்திரம்.

உன் அக்கா,
டொலோரஸ்


ஏரிக்கரை விடுதி, அறை 114
அக்டோபர் 8, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கழுத்தில் மட்டும் சுளுக்கு. உன் மூட்டுவலி எப்படி?

அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஒன்பது வருடத்தில் நாலு அணிகளின் பயிற்சி முகாமுக்குப் போனேன். நாலிலும் ஒரே மாதிரி: காலையில் ஒருவன் கதவைத் தட்டுவான். "கோச் கூப்பிடறார், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துட்டு வா" என்பான். புத்தகத்தைக் கேட்டால் முடிந்தது என்று அர்த்தம். ஒரு தடவைகூட ஒரு நிஜ ஆட்டத்தில் ஒரு பந்து எறியவில்லை. ஐந்தாவது தடவை அவர்களே லாரி டிப்போவுக்குப் போன் செய்து கூப்பிட்டார்கள். வேலைநிறுத்தம் என்று தெரியும். வாசலில் வேலைநிறுத்த அட்டை பிடித்து நிற்கிறவர்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குக் கவலையில்லை. எங்கள் பஸ்மேல் முட்டை எறிந்தார்கள். ஒருவன் என் பெயரைக் கேட்டான். சொன்னேன். எழுத்துக் கூட்டியும் சொன்னேன்.

ஒன்பது பந்து எறிந்தேன். எட்டு நேராகப் போயிற்று. ஒன்று உதைக்கிறவன் தலைக்கு மேலே போயிற்று. காற்று இல்லை அக்கா. என் கைதான்.

பெங்கோவுக்கு ஆன மாதிரி எனக்கும் ஆகும் என்கிறாய். ஆகட்டும். இருபத்தெட்டு வருடத் தண்டனை என்றால் அதற்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் குற்றமாவது செய்ய வேண்டாமா?

இங்கே மழை. வருகிற ஞாயிறும் ஒரு மணிக்குத்தான் ஆட்டம். 57ஐப் பார்.

அப்பாவின் இருமல் எப்படி என்று எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே.

லென்னி


மில்வெயின்
அக்டோபர் 12, திங்கள்

என் செல்லக் கருங்காலிக்கு,

அப்பாவின் இருமல் சரியாகிவிட்டது. நீ கேட்டதாகச் சொல்லவில்லை. நீ கேட்கவே இல்லை என்று சொன்னேன். "நான் கேட்டேனா?" என்றார்.

57ஐப் பார்த்தேன்! இந்தத் தடவை முழங்காலிடவில்லை, நாற்காலிமேல் ஏறி நின்றேன். நாற்காலியின் நிலைமையை விசாரிக்காதே, அது என்னைவிட வயதானது, எடையும் குறைவு. அடடா, என்ன எறி! பன்னிரண்டு பந்தும் தறியில் நாடா ஓடுகிற மாதிரி. ஒரு வாரத்தில் இவ்வளவு தேறுவாய் என்று நினைக்கவே இல்லை. ஆனால் டிவிக்காரன் ஒரு தடவைகூட உன் பெயரைச் சொல்லவில்லை. ஃபிரானின் வீட்டுக்காரரிடம் கேட்டேன். பந்து எறிகிறவன் தப்புச் செய்தால்தான் பெயர் சொல்வார்களாம். என் முன்னாள் கணவர் ரேயும் அப்படித்தான் இருந்தார்.

இனி வம்பு. கையில் காப்பி இருந்தால் கீழே வைத்துவிடு.

அப்பா நேற்றும் ரேடியேட்டர் பார்க்கக் கிளம்பினார். ஐரின் தன் வீட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் தற்செயலாக நின்றாள் என்று நாம் இருவரும் நம்புவோம். ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அப்பா சந்து வழியாகப் போய் பெங்கோ வீட்டுப் பின்கதவைத் தட்டினாராம். கதவு திறந்ததாம். உள்ளே போனாராம். சமையலறை ஜன்னல் வழியாக டிவி சத்தம் கேட்டதாம். ஐரின் தன் நாயையே மூன்று தடவை அந்த ஜன்னல் பக்கம் உலாத்தக் கூட்டிப் போயிருக்கிறாள். அந்த நாய் இன்னும் தூங்குகிறது.

யோசித்துப் பார்த்தால் வேறு எங்கே போவார்? வீட்டு டிவியை அவரே மூடினார். சங்கக் கட்டடத்தில் இந்த ஆட்டத்தைப் போட மாட்டார்கள். கருங்காலி ஆடுவதைப் பார்க்க இந்த ஊரில் ஒரு கருங்காலி வீட்டு டிவிதான் இருக்கிறது.

நம் கேரேஜ் கதவில் யாரோ சிவப்புப் பெயிண்டில் கருங்காலி என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் வாளியும் பிரஷ்ஷுமாகப் போனேன். "விடு, பொய்யா எழுதியிருக்கான்?" என்றார் அப்பா. சரி, பொய்யில்லைதான். கடைக்குப் போய்த் தலைச்சாயம் எடுத்துவந்து, பக்கத்தில் இன்னும் பெரிதாக 57 என்று எழுதினேன். அடர்சிவப்பு, நம்பர் ஆறு. மழைக்கும் போகாது.

வெயில் வந்ததா அங்கே? கழுத்துக்குச் சூடு வை.

அக்கா


அஞ்சலட்டை
அக்டோபர் 15

அக்கா,

நலம். குளிர் வந்துவிட்டது. என் பழைய தோல் கையுறை மாடியில் இருந்தால் அனுப்பு. பெரிய ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் இன்று முடிந்தது. இருந்தாலும் இந்த ஞாயிறு மட்டும் மாற்று ஆட்டக்காரர்கள்தான் ஆடுவார்களாம். கேரேஜ் கதவுக்கு நான் வந்து பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று எழுத நினைத்தேன். பிறகு நினைத்தேன், வேண்டாம்.

லெ.


மில்வெயின்
அக்டோபர் 20, செவ்வாய்

அன்புத் தம்பிக்கு,

நீயும் கழுத்தும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். என் மூட்டு என்னைவிட நன்றாக இருக்கிறது.

கையுறை தனிப் பார்சலில் வருகிறது. இவ்வளவு பெரிய முதலாளிகள் ஒரு ஜோடி கையுறை தர மாட்டார்களா?

ஞாயிற்றுக்கிழமை கடைசி உதை! மூன்று செகண்ட் பாக்கி, இரண்டு புள்ளி குறைவு, மழை வேறு. நீ எறிந்தது நேராகப் பிடிக்கிறவன் கையில் போய் உட்கார, உதைக்கிறவன் உதைக்க, கம்பங்களுக்கு நடுவே போயே விட்டது! ஃபிரான் தலையில் முடி சுருட்டும் ஊசிகளோடு தெருவில் ஓடினாள். நான் அழுதேன். கண் மை வழிந்து, கண்ணாடியில் பார்த்தால் கரடி.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக அல்ல. நேற்றுக் காலை சங்கக் கட்டடத்தில் நடந்ததற்காக.

ஓய்வுபெற்றவர்கள் மேசை உனக்குத் தெரியும். சுவரில் ஆளுக்கொரு கொக்கி, கொக்கியில் ஆளுக்கொரு காப்பிக் கோப்பை. ஒருவர் செத்தால்தான் அவர் கோப்பை இறங்கும். ஸ்டாஷ் வோய்சிக் நேற்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"என்ன ஸ்டீவ், ஒம் பையன் நல்லாத்தான் குனியறான். பழக்கமோ?"

ஃபிரானின் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்து கேட்டது, அப்படியே எழுதுகிறேன். அப்பா எழுந்தாராம். எழுபத்திரண்டு வயது முட்டி மடக்கென்று சத்தம் போட்டதாம்.

"கருங்காலிதான். நான் இல்லேன்னு சொன்னேனா? அவன் போனது தப்பு. நாளைக்கும் தப்புன்னுதான் சொல்லுவேன். ஆனா அவன் என் பையன். ஒவ்வொரு பந்தையும் இந்தக் கண்ணால பாத்தேன். நூல் பிடிச்ச மாதிரி. இங்க உக்காந்திருக்கிற எவனாவது வாழ்க்கையில ஒரு காரியம் அவ்வளவு நேரா செஞ்சிருக்கீங்களாடா?"

"ஸ்டீவ், உக்காரு."

"ஒக்காந்து ஒக்காந்துதான் ஆலைய மூடினோம்."

சொல்லிவிட்டு, கொக்கியிலிருந்து தன் கோப்பையைத் தானே கழற்றினாராம். அதில் பாதிக்குக் காப்பி ஊற்றிக்கொண்டாராம். குடித்துக்கொண்டே வெளியே வந்தாராம்.

கோப்பை இப்போது பெங்கோ வீட்டில் இருக்கிறது. டிவிமேல் மட்டும் இன்னும் விரிப்பு.

உடனே எழுது. நீ எழுத எழுத நான் அவர் காதுபட அடுப்படியில் வாசிப்பேன்.

அக்கா


ஏரிக்கரை
அக்டோபர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கையுறை வந்தது.

கோப்பையைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டச் சொல். நான் சொன்னதாகவே சொல். எனக்காக அவர் அப்படிச் செய்திருக்க வேண்டியதில்லை. ஐம்பது வருடமாகச் சங்கத்தில் இருக்கிற மனிதர்.

பழைய ஆட்டக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். எங்களுக்கெல்லாம் முடிந்தது. நான் இங்கேயே ஒரு மீன் கிடங்கில் பெட்டி ஏற்றுகிறேன். கிறிஸ்துமஸுக்கு வர முடியாது.

கடைசி உதையைப் பற்றி அவரிடம் அதிகம் பேசாதே.

லென்னி


மில்வெயின்
நவம்பர் 6, வெள்ளி

டேய் லென்னி,

நலம் விசாரிப்பு கிடையாது. கோபமாக இருக்கிறேன்.

ஜெயித்த ஆட்டத்தைப் பற்றிப் பேசாதே என்று சொல்லும் ஆட்டக்காரனை நான் இதுவரை பார்த்ததில்லை. ரே ஒரு தடவை சீட்டாட்டத்தில் ஜெயித்ததை எங்கள் விவாகரத்து வழக்கில்கூடச் சொன்னார்.

நீ சொன்னதாகவே சொன்னேன். அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"கோப்பைய எங்க மாட்டணும்னு அவன் எனக்குச் சொல்றானா?"

"தட்டு விஷயம் என்னப்பா? கிறிஸ்துமஸ் வருது."

"தட்டு எங்கிட்ட இல்ல. அலமாரில இருக்கு. கை இல்லையா ஒனக்கு?"

இதற்கு மேல் இந்த மனிதர் வாயிலிருந்து எதிர்பார்க்கிறாயா? நேற்று ஒரு ஜாடித் தேனும் வாங்கி வந்திருக்கிறார். அம்மா போன பிறகு கிறிஸ்துமஸ் விருந்தில் நம் நெற்றியில் தேனால் சிலுவை போடுவது அவர்தானே. என் ஒரு நெற்றிக்கு இரண்டு பவுண்டு தேன் எதற்கு? என் நெற்றி அகலம்தான், அவ்வளவு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் பெங்கோ வீடுதான். நீ ஆடவில்லை, இருந்தாலும் போகிறார். இன்று கொழுக்கட்டை வாங்க பெங்கோ வந்தார். நான் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "வெங்காயம் தனியா வச்சிருக்கேன்" என்றேன். சமையலறையே நின்றுபோயிற்று. ஃபிரான் கையிலிருந்த கரண்டியிலிருந்து வெண்ணெய் சொட்டியது கேட்டது. அவர், "சரிம்மா" என்றார். அவர் குரல் நான் நினைத்ததைவிடச் சன்னம். பத்தொன்பது வயதிலிருந்து நான் கேட்டதில்லை.

உன் விஷயத்தில் ஏதோ இருக்கிறது. உன்னை எனக்குத் தெரியும். எழுது. இல்லாவிட்டால் நானே பஸ் ஏறி மீன் கிடங்குக்கு வருவேன், இந்தத் தலைமுடியோடு. இந்த வாரம் அது ஊதா.

டொலோரஸ்


ஏரிக்கரை
நவம்பர் 24, செவ்வாய்

அக்கா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்பி நேரே எழுதுகிறேன்.

முதல் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை அறைக்கதவைத் தட்டினார்கள். "கோச் கூப்பிடறார், புத்தகத்தையும் எடுத்துட்டு வா." தலைக்கு மேலே போன அந்த ஒரு பந்துதான் காரணம். நான் மூட்டை கட்டுவதற்குள், யூட்டாவிலிருந்து கர்டிஸ் என்று ஒருவன் வந்துவிட்டான். 57ஆம் எண் சட்டையை அவனுக்குக் கொடுத்தார்கள். துவைத்தார்களா என்று தெரியாது.

நீ பார்த்த பன்னிரண்டு பந்தும் அவனுடையவை. கடைசி உதைக்கு எறிந்ததும் அவன்தான். நான் எறிந்தது மொத்தம் ஒன்பது. அதுதான் என் ஆட்ட வாழ்க்கை. ஒரு பிற்பகல்.

உடனே ஊருக்கு வந்திருக்கலாம். பட்டியலில் பெயர் வந்தாயிற்று, கருங்காலி ஆயிற்று. ஆனால் ஒரே ஒரு ஆட்டத்துக்குக் கருங்காலி ஆனவன் என்று வந்து நிற்க எனக்கு மனம் வரவில்லை. பெங்கோவாவது பதினொரு நாள் போனார். நான் உனக்குப் பொய் எழுதவில்லை, கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார். 57ஐப் பார் என்றுதான் எழுதினேன்.

இரண்டாவது ஞாயிறு மைதான வாசலுக்குப் போனேன். அட்டை பிடித்து நின்ற பெரிய ஆட்டக்காரர்கள் என்னை யாரோ ஆதரவாளன் என்று நினைத்துக் காப்பி கொடுத்தார்கள். ஒருவன், "அண்ணே, ஒரு நிமிஷம் பிடிங்க" என்று அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றுக்குப் போனான். பிடித்துக்கொண்டு நின்றேன். விரல் விறைத்தது. அன்றுதான் உன்னிடம் கையுறை கேட்க வேண்டும் என்று தோன்றியது.

இதற்காகவெல்லாம் நான் வருத்தப்படுகிறேன் என்று நினைக்காதே. நாளைக்குக் கூப்பிட்டாலும் போவேன். அந்த எட்டுப் பந்து என்னுடையது. அதை யாரும் எடுக்க முடியாது. ஆனால் அப்பா கோப்பையைக் கழற்றியது கர்டிஸுக்காக. நூல் பிடித்த மாதிரி என்று அவர் சொன்னது யூட்டாக்காரன் ஒருவனின் கையை. அதைச் சொல்லாமல் அந்த மேசையில் உட்கார்ந்து, நெற்றியில் தேன் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

அவரிடம் சொல். சொன்ன பிறகும் தட்டு இருந்தால் எழுது. இல்லாவிட்டால் எழுதாதே, புரிந்துகொள்கிறேன்.

லென்னி


மில்வெயின்
டிசம்பர் 7, திங்கள்

அன்புத் தம்பி லென்னிக்கு,

நீ நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் நலமில்லை. இரண்டு ஞாயிறு ஒரு யூட்டாக்காரனின் பின்புறத்துக்காக நாற்காலிமேல் ஏறிக் கத்தியிருக்கிறேன். முதல் வாரம் தப்பான ஆள், இரண்டாம் வாரம் தப்பான ஆள், மூன்றாம் வாரம் அழுகை வேறு. இதை நீ யாரிடமாவது சொன்னால் உன் சின்ன வயதுப் போட்டோக்களை அழகுநிலையத்தில் மாட்டுவேன்.

உன் கடிதத்தைப் பத்து நாள் கோட்டுப்பையில் வைத்திருந்தேன். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் எதையாவது தின்றுகொண்டிருந்தார். நேற்று ஞாயிறு. அவர் ரேடியேட்டர் பார்க்கக் கிளம்பியதும், பின்னாலேயே நானும் சந்து வழியாகப் போனேன். ஐரின் திரைச்சீலை ஆடியதைப் பார்த்தேன். பார்த்துக்கொள்ளட்டும் என்று கை காட்டிவிட்டுப் பெங்கோ வீட்டுப் பின்கதவைத் தட்டினேன்.

பெங்கோதான் திறந்தார். "வாம்மா, டொலோரஸ்" என்றார். என் பெயர் அவருக்கு நினைவிருக்கிறது.

கூடத்தில் இரண்டு நாற்காலிகள், நடுவே முக்காலி, முக்காலிமேல் அப்பாவின் கோப்பை. டிவி அலறிக்கொண்டிருந்தது. நான் போய் நடுவில் நின்று, பைக்குள் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, லென்னியப் பத்தி ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன்.

"அவன் வரானா, வரலயா? அத மட்டும் சொல்லு."

"அந்த மூணு ஆட்டத்துல அவன்..."

"ஆட்டத்தப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? நான் பாத்தேன். ஒவ்வொரு பந்தும் பாத்தேன். நகரு, மறைக்காத."

நகர்ந்தேன். நகர்ந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெங்கோ எனக்கும் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஆட்டம் முடியும்வரை மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

கிளம்பும்போது அப்பா அவரிடம், "இருபத்திநாலாந்தேதி ஆறு மணி. தேன் நெறைய இருக்கு" என்றார். அவர் பதினொரு நாள் உள்ளே போனது தப்பு என்பதையும் வாசற்படியில் நின்று இன்னொரு தடவை சொன்னார். பெங்கோ, "தெரியும் ஸ்டீவ்" என்றார்.

ஆகவே தட்டுகள் நான்கு, வழக்கமான காலித்தட்டோடு ஐந்து. எண்ணி அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன். உன் கடிதம் பெங்கோவின் அடுப்பில் போயிற்று. நீ கிளம்பி வா. கேரேஜ் கதவுக்குப் பெயிண்ட் வேண்டாம், அப்படியே இருக்கட்டும். கையுறையை மறக்காதே.

நீயும் நானும் மட்டும் அறிய,
அக்கா டொலோரஸ்

பின்குறிப்பு: நான் சொல்வதை நம்பு, அப்பா கர்டிஸைப் பார்க்கவே இல்லை. பெங்கோ வீட்டு டிவியில் ஈஸ்டரிலிருந்து படம் வருவதில்லை. சத்தம் மட்டும்தான்.